ஆண்டுக்கு ஐம்பது கோடி போட்டால் பாதை முடியவே முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத்திய பட்ஜெட் வந்த சில நாட்களில், சென்னை – மாமல்லபுரம் – புதுச்சேரி – கடலூர் ரயில் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்ற செய்தி கடலூர், புதுச்சேரி பக்கங்களில் வருடா வருடம் வந்துவிடுகிறது. 179 கி.மீ. நீளம் கொண்ட இந்தப் பாதை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ரயில்வேயின் ‘பிங்க் புக்’கில் (எந்த வேலைக்கு எவ்வளவு என்று ஆண்டுதோறும் பட்டியலிடும் பட்ஜெட் ஏடு) பெயரளவில் இருக்கிறது. தமிழகத்தின் புதிய பாதைகள் பலவற்றுக்குச் சில ஆண்டுகளில் தலா 1,000 ரூபாய் மட்டும் ஒதுக்கப்பட்டதும், அதை எல்லாரும் கேலி செய்ததும் தெரிந்ததே.

அந்த ஆயிரம் ரூபாய் வேலைக்கான பணம் அல்ல, பெயர் அழியாமலிருக்கப் போடும் டோக்கன். திட்டத்துக்குப் பிங்க் புக்கில் ஒரு வரி இருந்தால்தான் ஆண்டு நடுவில் வேறொரு திட்டத்தில் மிச்சமாகும் பணத்தை இங்கே திருப்பிவிட முடியும். வரியே இல்லையென்றால் மீண்டும் முதல் படியிலிருந்து ஒப்புதல் வாங்க வேண்டும். ஆகவே ஆயிரம் ரூபாயைக் கண்டு கோபப்படுவதை விட, 25 கோடி, 50 கோடி என்று அறிவிக்கும்போது நாம் கைதட்டுகிறோமே, அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்குக்காக மட்டும், பாதையின் மதிப்பு 1,000 கோடி ரூபாய் என்றும், நிலம், இரும்பு, சிமென்ட், கூலி எல்லாம் சேர்ந்து விலை ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 50 கோடிக்கு வேலை நடக்கிறது. மிச்சம் 950 கோடி. அதன் மேல் 6 சதவீதம் ஏறினால் 57 கோடி. இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில் பாக்கி வேலையின் மதிப்பு 1,007 கோடி! ஓராண்டு வேலை பார்த்த பிறகு, தொடங்கிய இடத்தை விட 7 கோடி பின்னால் நிற்கிறோம். இது முடிவே இல்லாத ஓட்டம்.

ஆண்டுக்கு 100 கோடி என்றால் பதினைந்தாவது ஆண்டில் முடியும். மொத்தம் 1,433 கோடி ஆகும். ஆண்டுக்கு 250 கோடி என்றால் ஐந்தாவது ஆண்டில் 1,103 கோடியோடு முடிந்துவிடும். விலைவாசி ஏறினால் அரசின் வருமானமும் ஏறத்தானே செய்யும், இது காகித நஷ்டம்தானே என்று நிதித்துறைக்காரர்கள் சொல்லலாம். பாதி உண்மை. ஆனால் ரயில் ஓடும் வரை ஒரு பைசா வருமானம் இல்லாமல் மண்ணில் முடங்கிக் கிடக்கும் பணத்துக்கு அரசு வட்டி கட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அது காகித நஷ்டம் அல்ல.

பாதி வேலையில் நிறுத்தினால் ஏன் இத்தனை சேதம் என்பதைப் புரிந்துகொள்ள, ஒரே ஒரு கிலோமீட்டர் ஒற்றைப் பாதையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். கரையின் மேல் அகலம் 7.85 மீட்டர். மூன்று மீட்டர் உயரம், ஒன்றுக்கு இரண்டு சரிவு (ஒரு மீட்டர் உயரத்துக்குப் பக்கவாட்டில் இரண்டு மீட்டர்) என்றால் அடி அகலம் ஏறத்தாழ 20 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு வேண்டிய மண் ஏறத்தாழ 41,500 கன மீட்டர். பத்து கன மீட்டர் பிடிக்கும் டிப்பரில் 4,150 நடை. ஏரி வண்டலையும் களியையும் அப்படியே கொட்ட முடியாது. நல்ல கிராவலைத் தேடிப் போக வேண்டும். ஒவ்வொரு அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்டி, இறுக்கம் சோதித்த பிறகே அடுத்த அடுக்கு. அதன் மேல் தரம் பிரித்த கல்மண் படுகை. அதற்கும் மேல்தான் ஜல்லி: 65 மில்லிமீட்டரிலிருந்து 20 மில்லிமீட்டர் வரை அளவுள்ள கருங்கல், கிலோமீட்டருக்கு 2,000 கன மீட்டருக்குக் குறையாமல். கான்கிரீட் ஸ்லீப்பர் 1,660. ஒவ்வொன்றுக்கும் நான்கு கிளிப் என்று 6,640 கிளிப், 3,320 ரப்பர் பேடு. மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம் இரண்டு வரிசையாக 120 டன்.

மண்வேலை முடிந்து, படுகையும் ஜல்லியும் போட நிதி இல்லாமல் நின்றுபோன கரை என்ன ஆகும்? கடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மழையில் சரிவில் ஓடை விழும். புல் பதிக்காத இடத்தில் கரைத்தோள் கரைந்து கீழ் வயலில் படியும். மூன்று ஆண்டு கழித்து நிதி வரும்போது, கரைந்ததை வெட்டி எடுத்து, படி வெட்டி, புது மண் சேர்த்து மீண்டும் இறுக்க வேண்டும். முன்பு மண் எடுத்த இடத்தில் இப்போது அனுமதி இருக்காது. முதல் ஒப்பந்ததாரர் சும்மா நின்ற எந்திரத்துக்கு இழப்பீடு கேட்டு நடுவர் முன் போயிருப்பார். மறு டெண்டரில் புதிய விலை. ஒரே கரைக்கு இரண்டு முறை பணம் கொடுப்போம், சில நேரம் மூன்று முறை. 2006–07ல் ஒப்புதலான திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை பாதை ஏன் இத்தனை ஆண்டாக இழுக்கிறது என்று கேட்பவர்கள் இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நம் கடற்கரையில் வேறு சில செலவுகளும் உண்டு. கழுவெளி, மரக்காணம் பக்கத்துச் சதுப்பில் கரையை ஒரே மூச்சில் உயர்த்தினால் அடியில் உள்ள களி பிதுங்கிக் கரை சரியும். களியில் வடிகால் பட்டைகள் இறக்கி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுமை ஏற்றி, தண்ணீர் வடியக் காத்திருக்க வேண்டும். பணம் இருந்தாலும் அவசரப்படுத்த முடியாத வேலை இது. உப்புக் காற்றில் தண்டவாளத்தின் அடிப்பாகத்தை இரும்பு லைனர் (கிளிப்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையே வைக்கும் தகடு) தொடும் இடத்தில் துரு தின்னும். அதனால் கண்ணாடி நார் கலந்த நைலான் லைனர் போடுகிறார்கள். மின்கம்பங்களுக்கு இடையே சாதாரணமாக 72 மீட்டர் வரை விடலாம். புயல் காற்று வீசும் இடத்தில் நெருக்கி நட வேண்டும். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலைப் பார்த்த ஊரில் இதில் கஞ்சத்தனம் கூடாது.

பாலங்களிலும் அப்படித்தான். சங்கராபரணி, தென்பெண்ணை, கெடிலம் மூன்றும் கடலை நெருங்கும் இடத்தில் குறுக்கே போக வேண்டும். செலவைக் குறைக்க ஆற்றுப் பாலத்தின் நீளத்தைச் சுருக்கி, மிச்சத்தை மண்கரையாகப் போட்டால், வெள்ளத்தில் அந்தக் கரையே அணையாகிவிடும். மேல்பக்கம் ஊர் மூழ்கும் அல்லது கரை உடையும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகியதும், விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையே பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றதும் மறந்திருக்காது. புதிய பாதைகளில் லெவல் கிராசிங் வைப்பதில்லை என்பதால் ஊருக்கு ஊர் மேம்பாலமோ சுரங்கப்பாதையோ வரும். நிலத்தடி நீர் மேலே நிற்கும் பாகூர், கடலூர் வட்டாரத்தில் கான்கிரீட் பெட்டிச் சுரங்கப்பாதை மலிவு என்று போட்டுவிட்டு, சேகரிப்புத் தொட்டிக்கும் மோட்டாருக்கும் பராமரிப்புக்கும் பணம் வைக்காவிட்டால் மழைக்காலத்தில் அது குளம்தான்.

இதனால்தான் ‘கிலோமீட்டருக்கு இத்தனை கோடி’ என்று ஒரு திட்டத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவது வீண். காஷ்மீரின் உதம்பூர் – ஸ்ரீநகர் – பாரமுல்லா ரயில் பாதை 272 கி.மீ.க்கு சுமார் 43,780 கோடி; கிலோமீட்டருக்கு 161 கோடி. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கி.மீ.க்கு 63,246 கோடி. கிலோமீட்டருக்கு 532 கோடி. முன்னது மலையைக் குடைந்தது, பின்னது நகரத்தைக் குடைவது. சமவெளியில் மண்கரை போடும் பாதைக்கு இந்த எண்கள் எதற்கும் உதவாது.

நமக்குச் செலவு ஏறுவது மலையால் அல்ல, நிலத்தால். 30 மீட்டர் அகலப் பட்டை எடுத்தாலே கிலோமீட்டருக்கு 3 ஹெக்டேர், அதாவது ஏழரை ஏக்கர். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சந்தை மதிப்பு, அதற்குச் சமமான ஆறுதல் தொகை, சமூகத் தாக்க ஆய்வு அறிவிக்கை வந்த நாளிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதம் கூடுதல். கையகப்படுத்தல் அறிவிப்பு வெளியான 12 மாதத்துக்குள் அவார்டு, அதாவது இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு, போட வேண்டும். தவறினால் நடவடிக்கை காலாவதி ஆகும் ஆபத்து. ஆக, பணம் கையில் இல்லாமல் அறிவிப்பு மட்டும் போடுவது தன் தலையில் தானே மண் அள்ளிப் போட்டுக்கொள்வது. காலாவதியானால் புதிய விலையில் மறுபடி தொடக்கம். இடைப்பட்ட காலத்தில் அதே பட்டையில் மனைப்பிரிவு வந்திருக்கும்.

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையில் இன்னொரு முடிச்சு. பாகூர், அரியாங்குப்பம் பக்கத்துக் கிராமங்களும் தமிழகக் கிராமங்களும் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. பாதை எல்லையை ஒரு முறைக்கு மேல் கடக்கும். இரண்டு அரசு, இரண்டு கலெக்டர், இரண்டு கெஜட், இரண்டு வழிகாட்டி மதிப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்றால் வழக்கு நிச்சயம். அறிவிப்புக்கு முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து மதிப்பை ஒத்திசைக்காமல் நிலம் எடுக்க இறங்கக் கூடாது.

பணம் எங்கிருந்து வர வேண்டும்? டிக்கெட்டிலிருந்து வராது. ரயில்வே 100 ரூபாய் சம்பாதித்தால் ஏறத்தாழ 98 ரூபாய் ரயில்களை ஓட்டுவதற்கே போகிறது. பயணிகளிடம் கட்டணமாக வாங்குவது அடக்கச் செலவில் பாதியைச் சற்றே தாண்டும். 2023–24 பட்ஜெட்டில் ரயில்வே மூலதனத்துக்கு 2.40 லட்சம் கோடியும், அடுத்த ஆண்டு 2.52 லட்சம் கோடியும் பொது வருவாயிலிருந்து தரப்பட்டன; அதாவது நம் வரியும், அரசு வாங்கும் கடனும். 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் 2017–18ல் பொது பட்ஜெட்டில் சேர்ந்ததோடு, ரயில்வே அரசுக்குக் கட்டிவந்த ஈவுத்தொகையும் போயிற்று. அது ரயில்வேக்கு நல்லதுதான். ஆனால் மூலதனத்துக்கு விலையே இல்லை என்ற எண்ணத்தையும் அது வளர்த்திருக்கிறது. தாமதத்தின் வட்டி எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

இதற்கு நேர்மாறான நோயையும் இந்த நாடு பார்த்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளின் முதலீட்டுக்கு 5 சதவீத வருமானம் உத்தரவாதம். குறைந்தால் இந்திய வருவாயிலிருந்து ஈடு கட்டப்பட்டது. போட்ட பணத்துக்கு லாபம் உறுதி என்றானபின் சிக்கனம் எதற்கு? மைலுக்கு 8,000 பவுன் என்று மதிப்பிட்டது இரு மடங்கைத் தாண்டியது. பணம் ஹூக்ளி ஆற்றில் போனாலும் செங்கல் சுண்ணாம்பாக மாறினாலும் முதலாளிக்கு ஒன்றுதான் என்று 1872ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு முன் சொன்னவர், இந்திய அரசின் நிதி உறுப்பினராக இருந்த வில்லியம் மாஸி. அன்று கேட்டதற்கு மேல் பணம் கொட்டியது, இன்று சொட்டுகிறது. இரண்டிலும் யாரும் வேலை முடியும் தேதிக்குப் பொறுப்பேற்பதில்லை.

மாநிலங்கள் பாதி தர வேண்டும் என்பது அடிக்கடி வரும் பதில். கர்நாடகம் பல பாதைகளுக்கு அப்படித் தருகிறது. கொங்கண் ரயில்வேயில் மத்திய அரசு 51, மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கேரளமும் கோவாவும் தலா 6 சதவீதப் பங்கு போட்டு, பத்திரம் விற்றுக் கடன் திரட்டி, 1990ல் நிறுவனம் தொடங்கி 1998 ஜனவரியில் முழுப் பாதையும் திறந்தார்கள். மலையும் ஆறுமாக 741 கி.மீ. கடன் வட்டி பிறகு கழுத்தை நெரித்தது உண்மை, ஆனாலும் பாதை வந்தது. புதுச்சேரிக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. சட்டமன்றம் இருந்தாலும் அது யூனியன் பிரதேசம் என்பதால், மத்திய வரியில் மாநிலங்களுக்குக் கிடைக்கும் நிதிக்குழுப் பங்கு அதற்குக் கிடையாது. உள்துறை வழியாக வரும் மானியத்தை நம்பி இருக்கிறது. புதுச்சேரியிடம் பாதி கேட்பது மத்திய அரசின் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவதுதான்.

ஆகவே 179 கி.மீ.யையும் ஒரே மூட்டையாகக் கேட்பதை விடுவோம். புதுச்சேரி – கடலூர் இணைப்பைத் தனி வேலையாகப் பிரித்து, அதற்கென்று பிங்க் புக்கில் ஒரு வரி வாங்குவோம். சாலையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் உள்ள தூரத்துக்கு இன்று ரயிலில் விழுப்புரம் சுற்றி 80 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். 1879ல் வந்த புதுச்சேரிப் பாதை இன்னும் முட்டுச்சந்தாகவே நிற்கிறது. நகரைக் கிழித்துத் தெற்கே போக இடமில்லை; வில்லியனூர் பக்கம் பிரித்து எடுப்பதே நடக்கக்கூடியது.

இதில் கட்டுமான வசதியும் இருக்கிறது. தண்டவாளம் இப்போது 260 மீட்டர் நீளத் துண்டுகளாகத் தனி ரயிலில் வருகிறது. லாரியில் கொண்டுவர முடியாது. இரு முனையும் ஓடும் பாதையைத் தொடும் இடத்தில், போட்ட பாதை மேலேயே தண்டவாளமும் ஜல்லியும் ஸ்லீப்பரும் முன்னேறிப் போகும். மரக்காணம் போன்ற நடுப் பகுதியில் முதலில் தொடங்கினால் எல்லாவற்றையும் சாலையில் அடிக்க வேண்டும். முடித்தாலும் அதில் ரயில் ஓடாது.

முதல் ஆண்டு கேட்க வேண்டியது நிலத்துக்கான முழுத் தொகை. இரு கலெக்டர்களின் கணக்கிலும் அறிவிப்புக்கு முன்பே செலுத்த வேண்டும். நிலம் கைக்கு வராமல் மண்வேலை டெண்டர் விடக் கூடாது. அடுத்து, நீண்ட காலம் பிடிக்கும் தென்பெண்ணை, கெடிலம் பாலங்களின் அடித்தளத்தைக் கோடைக்குக் கோடை முடிக்க வேண்டும். கரை கடைசியாக, ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த மழைக்காலத்துக்கும் இடையில் ஜல்லி வரை ஏற வேண்டும். பட்ஜெட் மறுநாள் எங்கள் எம்.பி.க்களிடம் நிருபர்கள் கேட்க வேண்டியது, ‘எத்தனை கோடி வந்தது’ என்பதோடு, ‘இந்த வேகத்தில் போட்டால் பாக்கி குறைகிறதா, ஏறுகிறதா’ என்பதையும்தான்.

இப்படிக்கு,
வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.