ஒரு சாண் குழாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. காலண்டரில் தேதியைத் தானே படிக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பதில் போடத் தாமதமானதற்குக் கார்தான் காரணம். அது சரியான பிறகுதான் உனக்கு எழுதுவது என்று ஒரு பிடிவாதம். முந்தாநாள் சரியாகிவிட்டது.

"அந்தப் பழைய வண்டியோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய், மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டியதுதானே" என்று கேட்டிருந்தாய். இரண்டு முறை விட்டேன். அவரிடம் போய்ச் சேரும்போதெல்லாம் வண்டி ஒழுங்காக ஓடியது. அவரும் ஓட்டிப் பார்த்தார், ஒரு குறையும் தெரியவில்லை. கண்ணில் படாத கோளாறை அவர் எப்படிச் சரிசெய்வார்? அப்புறம்தான் நானே இறங்கினேன். அப்பா ஓட்டிய வண்டி, நீயும் நானும் கியர் மாற்றப் பழகிய வண்டி. நீ கேட்டில் உரசிய கோடு இடது கதவில் இன்னும் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

தெருவுக்குள் எவ்வளவு நேரம் சுற்றினாலும் வண்டி ஒன்றும் சொல்லாது. நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்தால், இருபது நிமிடத்தில் இழுவை குறைந்து, இரண்டு முறை குலுங்கி, நின்றுவிடும். பானட்டைத் திறந்து வைத்துக் கால் மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இதைக் கேட்ட யாரும் முதலில், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத்தான் சொல்வார்கள். சூட்டில் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போய், ஆறியதும் பழையபடி வேலை செய்யும் காயில்கள் உண்டு. மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடியது, காயில்தான் என்று சந்தோஷப்பட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் நடுவழியில் நின்றது. அதே பொறிப் பக்கத்தில் கண்டன்சரை மாற்றி, மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்தேன். மறுபடியும் ஒரு வாரம். இந்தக் கோளாறு என்னை ஏமாற்றிய விதம் இதுதான். தானாகவே ஆறித் தெளிகிற வண்டியில், கடைசியாக எதைத் தொட்டோமோ அதற்கெல்லாம் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. நெடுஞ்சாலைக்குப் போகாத வாரங்களில் நான் எதைச் செய்திருந்தாலும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பேன்.

அடுத்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினேன். அங்கேதான் பெரிய தவறு செய்தேன். பெட்ரோலை அளவாக விடும் மெயின் ஜெட்டின் மேல் 120 என்று பொறித்திருந்தது, அதாவது 1.20 மில்லிமீட்டர் துளை. அதில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருக்கவே, கம்பியை விட்டுக் குத்திச் சுத்தம் செய்தேன். பித்தளை எவ்வளவு மெது என்று அப்போது யோசிக்கவில்லை. துளை பெரிதாகிவிட்டது. அதற்குப் பிறகு வண்டி கறுப்புப் புகை விட்டது, பொறி அடிக்கும் பிளக்கைக் கழற்றினால் முனையில் கரி அப்பியிருந்தது. ஏற்கெனவே இருந்த கோளாறோடு நான் உண்டாக்கியதும் சேர்ந்துகொள்ள, எது எதனால் என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் முழுக்க வண்டிப் பக்கமே போகவில்லை. மறுநாள் புது ஜெட் வாங்கிப் போட்டு, ஒரு நோட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, எழுதுவது, நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் நின்ற வண்டி ஆறுவதற்காகக் காத்திருந்தேன். பார்க்க வேண்டியது அது நின்ற அந்த நிமிடத்தில் அல்லவா? அதனால் ஒரு பிளக்கையும் தீயணைப்பான் ஒன்றையும் வண்டியிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினேன். நின்ற உடனே பிளக்கை ஒயரில் மாட்டி, எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். நல்ல நீலப் பொறி, சத்தத்தோடு அடித்தது. கரண்ட் பக்கம் குறையில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே பெட்ரோல் தேங்கி நிற்க வேண்டிய மிதவை அறை காய்ந்து கிடந்தது. பெட்ரோல் வந்து சேரவில்லை.

வீட்டுக்கு வந்து, டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பைச் சோதித்தேன். தனியாக ஒரு கேனிலிருந்து புதுக் குழாய் போட்டுப் பார்த்தால், பம்ப் ஒவ்வொரு தட்டுக்கும் பீச்சி அடித்தது. ஆகவே டேங்குக்கும் பம்புக்கும் நடுவில்தான் ஏதோ இருக்க வேண்டும். ஆனால் அந்த வழியை நான் முன்பே பார்த்திருந்தேனே! சைக்கிள் பம்பால் காற்று அடித்தேன், டேங்குக்குள் குமிழி வரும் சத்தம் கேட்டது. "லைன் சுத்தம்" என்று நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன். அந்த வரியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு பெரிய சிரிஞ்சை எடுத்துக் குழாயின் முனையில் மாட்டி இழுத்தேன். மெதுவாக இழுத்தால் பெட்ரோல் வந்தது. வேகமாக இழுத்தால் வரவில்லை. விட்டதும் பிஸ்டன் தானாக உள்ளே போனது.

பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் குழாய் இருக்கிறது. வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை. கழற்றி பிளேடால் நீளவாக்கில் கிழித்தேன். உள்ளே ஓர் அடுக்கு உரிந்து, உள்நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது! காற்றை ஊதினால் அது சுவரோடு படிந்து வழி விடுகிறது. வேகத்துக்குப் பெட்ரோல் அதிகம் தேவைப்பட்டு பம்ப் பலமாக இழுக்கும்போது, எழுந்து குறுக்கே அடைக்கிறது. வண்டி நின்று இழுவை அடங்கினால் பழையபடி சரிந்துகொள்கிறது. தெருவுக்குள் ஓடும்போது இழுவை குறைவு, அதனால் அசையாமல் கிடந்திருக்கிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு உண்டான நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று மாதக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் அதில் பதில் இருந்தது.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் தாங்குவதில்லை. எஸ்ஏஇ 30ஆர்9 என்று அச்சிட்ட குழாய் அதற்குத் தாக்குப்பிடிக்கும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிட்டேன். முந்தாநாள் ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினேன். நிற்கவே இல்லை. திரும்பி வரும்போது நாம் இரண்டு பேரும் அதில் போன நாட்களெல்லாம் ஞாபகம் வந்தன.

நேற்று சக்கரங்களைக் கழற்றிப் பார்த்ததில், பின்பக்கம் ஒரு வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்திருந்தது. புதியது மாட்டிவிட்டேன். ஆனால் லைனில் காற்று புகுந்துவிட்டது. அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்து, காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நான் மூடிவிட்டு "விடு" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது, எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். மகன் ஊருக்குப் போய்விட்டான். அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாயே, உன்னோடு செய்யத்தான் எனக்கு ஆசை. அதுவரை வண்டி ஸ்டாண்டின் மேலேயே நிற்கட்டும், ஓட்ட மாட்டேன். பிரேக் ஆயில் இரண்டு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். திறந்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நீ வந்த பிறகுதான் மூடியைத் திருகுவேன். தேதி முடிவானதும் எழுது.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்