ஹாஸ்கெல் ஆளுங்க எத்தனை பேர்டா?

டேய் சரவணா,

எப்படி இருக்க? அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லையா? லெட்டரே போடலன்னு ஆரம்பிக்காத, அதுக்கு மூர்த்திகிட்டயே வாங்கிக் கட்டியாச்சு. இப்ப ஒரு விஷயம், உன்கிட்ட சொல்லாம தூக்கம் வராது.

எங்க டீமுக்குப் புதுசா வந்த மேனேஜர் மீட்டிங்ல கேட்டாரு, "இந்த ஹாஸ்கெல் ப்ரோக்ராமிங் மொழில உலகத்துல மொத்தம் எத்தனை பேர் எழுதறாங்க? நம்பர் கொண்டு வாங்க, கம்மின்னா பில்லிங் சர்வீஸ் முழுசையும் ஜாவாவுக்கு மாத்திடலாம்." ஹாஸ்கெல்ல எழுதின நம்ம பில்லிங் சர்வீஸ்டா! நீ இங்க இருந்தப்ப ராத்திரி ராத்திரியா உக்காந்து டைப் எர்ரரோட சண்டை போட்டியே, அதேதான்.

சரின்னு நம்பர் தேட உக்காந்தேன். ப்ரோக்ராமர்கள் கேள்வி கேக்கற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சைட் 2023ல எடுத்த சர்வேல ஹாஸ்கெல் 2 சதவீதம் பக்கம் வருது. உலகத்துல ரெண்டரை கோடி டெவலப்பர்னு வச்சுப் பெருக்கினா 5 லட்சம் பேர். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த சர்வேல பதில் சொன்னதே 89 ஆயிரம் பேர், அதுல 2 சதவீதம்னா 1,800 தலை பக்கம்தான். அதுலயும் காலேஜ்ல ஒரு செமஸ்டர் படிச்சிட்டு டிக் அடிச்சவன் எத்தனை பேரோ. இன்னொரு பக்கம் ஹாஸ்கெல்காரங்களே வருஷா வருஷம் நடத்துன சர்வே இருக்கு, 2022ல ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் பதில் போட்டாங்க. நேர்ல பாத்த தலைன்னு எடுத்தா ரெண்டுமே ரெண்டாயிரத்துக்குள்ளதான்டா, 5 லட்சம் முழுக்க நாம பெருக்கினதுல வந்தது.

ஹாஸ்கெல் கம்பைலர் (எழுதின கோடை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தறது), பேக்கேஜ் (ரெடிமேட் கோடு) இதோட டவுன்லோடை எண்ணலாம்னு செல்வி சொன்னா. ஆனா யாராவது கோடை மாத்தி ஒரு கமிட் தள்ளினா சிஐல, அதான் கோடைத் தானா டெஸ்ட் பண்ற சிஸ்டத்துல, புது மெஷின் எழுந்து அதே பேக்கேஜை மறுபடி இறக்கும். டாக்குமெண்ட் மாத்தற பேண்டாக், ஷெல் ஸ்கிரிப்ட்ல தப்பு பிடிக்கற ஷெல்செக் ரெண்டும் ஹாஸ்கெல்ல எழுதினது, ஆனா இன்ஸ்டால் பண்றவங்கள்ல பல பேருக்கு அது எதுல எழுதினதுன்னு கூடத் தெரியாது. அப்பறம் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் பேங்க்ல மூ-ன்னு தனக்குன்னே ஒரு ஹாஸ்கெல் கம்பைலர் வச்சிருக்காங்க, அங்க வேலை செய்றவன் பொது கம்பைலரோட டவுன்லோட் கணக்குல எப்படி வருவான்?

எனக்குப் பிடிச்சது புலி கணக்கெடுக்கற முறை. 2022ல நாட்டுல கேமராவுல தனித்தனியா சிக்கினது 3,080 புலி, ஆனா மொத்தம்னு சொன்னது 3,682. சிக்காததையும் கணக்குப் போடறாங்க பாரு, அதே வழியில இங்கயும் ரெண்டு லிஸ்ட் எடுக்கலாம். ஹேக்கேஜ்ல, அதான் ஹாஸ்கெல் பேக்கேஜ் எல்லாம் வைக்கற சைட்ல, பேக்கேஜ் போட்டவங்க ஒண்ணு, கோடு வைக்கற கிட்ஹப் சைட்ல ஹாஸ்கெல் ப்ராஜெக்ட்ல இஷ்யூ (பிழை, கோரிக்கை) போட்டவங்க ஒண்ணு. உதாரணத்துக்கு முதல்ல 1,000 பேர், ரெண்டாவதுல 500, ரெண்டுலயும் இருக்கறது 100 பேர்னா 1,000-ஐ 500-ஆல பெருக்கி 100-ஆல வகுத்தா 5,000. என்ன சிக்கல்னா, ஆர்வமா இருக்கற அதே ஆளுங்கதான் ரெண்டு லிஸ்ட்லயும் வருவாங்க, அதனால பொதுவான பேர் கூடிப்போய் விடை குறைச்சலா வந்துடும். வாயே திறக்காம ஆபீஸ்ல கோடு எழுதிட்டு ஆறு மணிக்கு வீட்டுக்குப் போறவன் எந்த லிஸ்ட்லயும் இல்ல. ஆனாலும் "குறைஞ்சது இவ்ளோ பேர்"னு நெஞ்சுல கைவச்சு சொல்லலாம், அதுக்கு ஒரு மதிப்பு இருக்குடா.

உண்மையச் சொன்னா மேனேஜர் கேக்க வேண்டிய கேள்வியே வேற. நாளைக்கு நான் வேலைய விட்டுட்டா இந்த ஊர்ல ஆள் கிடைப்பானா, கம்பைலர்ல பக் வந்தா சரிபண்ண ஆள் இருக்கா, அவ்ளோதான். 1990ல வந்த மொழி, 2015லயே ஃபேஸ்புக் ஸ்பேம் பிடிக்கறதுக்கு இதை வச்சிருந்தான். ரெண்டாவது கேள்விக்குப் பயமில்ல. முதல் கேள்விக்குத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது, ஏன்னா பெங்களூர்ல நீ, இங்க நான், அதுக்கு மேல எனக்கு ஆள் தெரியல.

அதனால நீ ஒண்ணு பண்ணு. உங்க பக்கம் ஹாஸ்கெல் எழுதற ஆளுங்க, வேலைக்குன்னு எழுதறவங்க மட்டும், எத்தனை பேர்னு விசாரிச்சு வை. பேர் வேணாம், எண்ணிக்கை போதும். அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி போன் பண்றேன், எடுடா.

அன்புடன்,
ரகு