போயா மாலைகளில் எங்கள் வாசிகசாலைக்கு வந்த ஆய்வாளர்களுக்கு நன்றி

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வாசிகசாலையில் போயா (முழுநிலா) விடுமுறை நாட்களில் நடந்துவந்த ஆய்வுரைத் தொடர் இந்த வருடத்துக்கு முடிந்திருக்கிறது. வந்து பேசியவர்களுக்குத் தனித்தனியே கடிதம் கொடுத்துவிட்டோம். ஆனாலும் இந்த நன்றியை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று செயற்குழுவில் எல்லோரும் விரும்பினார்கள். செயலாளர் என்ற முறையில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மனம் நிறைந்து எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் சின்ன வாசிகசாலை எங்களுடையது. காலையில் பேப்பர் பார்க்க வரும் பெரியவர்களும், பின்னேரம் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகளும்தான் எங்கள் வாசகர்கள். ஆராய்ச்சி என்றால் ஆய்வுகூடமும் வெள்ளைக் கோட்டும்தான் இங்கே பலருக்கு ஞாபகம் வரும். உயர்தரத்தில் பிள்ளை உயிரியலோ கணிதமோ எடுத்தால் வீட்டில் சந்தோஷம். கலைப்பிரிவு என்றால் "வேறை ஒண்டும் கிடைக்கேல்லையோ" என்று கேட்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கம்பஸ் போனபோது, இந்தக் கேள்வியை எத்தனை பேர் அவளிடம் கேட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அவள்தான் முதலில் யோசனை சொன்னவள். "எல்லாப் பீடத்திலயும் இருந்து ஆக்களைக் கூப்பிடுவம் அண்ணை. என்ன செய்யினம், எப்பிடிச் செய்யினம் எண்டு இஞ்ச வந்து கதைக்கட்டும்." முதல் நன்றி அந்தத் தங்கச்சிக்கு.

தொடரைத் தொடக்கிவைத்தவர் நிலத்தடி நீரை ஆராயும் புவியியல்துறை ஆய்வாளர். எங்கள் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான தொடக்கம் இருந்திருக்காது. குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரி காலத்தில் மட்டும் ஓடுகிறது. குடிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர்தான் எங்களுக்குக் கதி. அந்த நன்னீர் கடல்நீருக்கு மேலே மிதந்தபடி இருக்கிறது என்பதைச் சொல்ல அவர் படம் எதுவும் போடவில்லை. ஒரு கண்ணாடிச் சாடியில் நீலச்சாயம் கலந்த உப்புத்தண்ணீரை ஊற்றினார். அதன்மேல், ஒரு கரண்டியின் முதுகில் விழுத்தி, மெதுமெதுவாக நல்ல தண்ணீரை ஊற்றினார். இரண்டும் கலக்காமல் நின்றன. அப்புறம் முன்வரிசையில் இருந்த சின்னப் பெடியனைக் கூப்பிட்டு, ஒரு குழாயைக் கொடுத்து மேல்தண்ணீரைப் பலமாக உறிஞ்சச் சொன்னார். நீலம் கூம்பு மாதிரி மேலே எழும்பி வந்தது. பின்வரிசையில் இருந்த வெங்காயத் தோட்டக்காரர்கள் எழும்பி முன்னுக்கு வந்து பார்த்தார்கள். மோட்டரை நெடுநேரம் போட்டால் கிணறு சவர்த்துப் போவது ஏன் என்று அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம் பாரமானது என்பதுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி போய்விடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத்தண்ணீரும் இருப்பதைச் சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதன் காரணத்தை அன்றுதான் பலர் அறிந்தோம். கிணற்று நீரில் நைத்திரேற்று சேர்வதைப் பற்றியும் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராமை எல்லையாக வைத்திருக்கிறது. அது கூடினால் முதலில் பாதிக்கப்படுவது, அந்தத் தண்ணீரில் கரைத்த பால்மாவைக் குடிக்கும் கைக்குழந்தைகள். யூரியாவை அள்ளிப் போடுவதும், மலக்குழியைக் கிணற்றுக்குப் பக்கத்தில் வெட்டுவதும் எங்கே போய் முடிகிறது என்று அவர் சொல்லும்போது யாரையும் குற்றவாளியாக்கவில்லை. அதற்காகவே அவருக்கு இன்னொரு நன்றி.

அடுத்து வந்த தொல்லியல் ஆய்வாளரை மறக்க முடியாது. 1980 இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு நடத்திய அகழாய்வைப் பற்றிப் பேசினார். பேராசிரியர் கா. இந்திரபாலா, பொ. ரகுபதி ஆகியோரின் பெயர்களோடு சேர்த்துப் பேசப்படும் அகழாய்வு அது. பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த ஈமப்புதையலில், மனித எலும்புக்கூட்டோடு கிடைத்த சின்னஞ்சிறு முத்திரையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். மேல்வரிசையில் குறியீடுகள், கீழ்வரிசையில் பிராமி எழுத்துகள். அதை எப்படி வாசிப்பது என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை என்பதையும், யார் எந்தக் காரணத்துக்காக எப்படி வாசிக்கிறார் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்.

கேள்வி நேரத்தில் ஒரு ஐயா எழும்பி, "அப்ப இந்த மண்ணுக்கு முதல் வந்தது ஆர்?" என்று கேட்டார். சபை கைதட்டத் தயாராக இருந்தது. கைதட்டு வாங்கக்கூடிய பதில் ஒன்றை ஆய்வாளர் சொல்லியிருக்கலாம். "ஐயா, இந்த முத்திரையால அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஏலாது. இதால சொல்லக்கூடியதை மட்டும்தான் நான் சொல்லுவன்" என்றார். இந்தத் தொடரில் நான் கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த பதில் இதுதான். சான்று நிற்கிற இடத்தில் தானும் நிற்பது எவ்வளவு கடினம் என்பது எங்கள் நாட்டில் வரலாறு படிக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதை ஒரு ஊர்ச் சபைக்கு முன்னால் செய்து காட்டியதற்கு அவருக்குத் தலைவணங்குகிறோம்.

பனை பற்றிப் பேச வந்த உயிர் இரசாயன ஆய்வாளர் வரும்போதே ஒரு பெட்டி பனாட்டு, அதாவது காயவைத்த பனங்களி, கொண்டுவந்தார். பனங்களி சிலவேளை கசப்பது ஏன் என்பதுதான் அன்றைய விடயம். பிளபெலிபெரின் என்ற சேர்மங்கள்தான் காரணம். அவற்றோடு ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கூறுகளை நொதியம் (என்சைம்) கொண்டு வெட்டினால் கசப்புக் குறையும் என்று எங்கள் நாட்டு ஆய்வாளர்களே கண்டிருக்கிறார்கள். அன்று அம்மாமார் கேட்ட கேள்விகள் முடிய இருட்டிவிட்டது.

கணிதத்துறை ஆய்வாளர் பேசிய நாளில் ஆட்கள் குறைவு. வராதவர்களுக்காக வருத்தப்படுகிறேன். எங்கள் நாட்டுக் கணித அறிஞர் பேராசிரியர் சி. ஜே. எலியேசர் 1943 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு இலத்திரன் நேரே புரோத்தனை நோக்கிப் போகிறது. அது போகும்போது கதிர்வீச்சால் சக்தியை இழக்கிறது. அந்த இழப்பையும் சேர்த்துப் பௌதிகவியலாளர் டிராக் எழுதிய சமன்பாட்டைத் தீர்த்தால் என்ன நடக்கும்? போய் மோதும் என்றுதான் நாங்கள் எல்லோரும் சொன்னோம். மோதாது, திரும்பி விலகி ஓடும் என்று சமன்பாடு சொல்வதை எலியேசர் காட்டினார். அப்படியானால் அந்தக் கோட்பாட்டில் எங்கேயோ சிக்கல் இருக்கிறது. இதனால் என்ன பயன் என்று ஒரு பிள்ளை கேட்டபோது, கோட்பாடு எங்கே முறிகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த கோட்பாட்டைத் தேட முடியும் என்றார். பயனைச் சொல்லி விலைபேசாமல், தன் துறையின் ஆசையை ஆசையாகவே சொன்ன அந்த நேர்மைக்கு நன்றி.

பொறியியல் பீடத்தில் இருந்து கிளிநொச்சி தாண்டி வந்தவர் பேராசிரியர் அ. துரைராசாவைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். 1963 இல் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, ஈரக் களிமண் சுமையின் கீழ் எப்படி விட்டுக்கொடுக்கிறது என்பதை விளக்குகிறது. இன்றைக்கும் உலகெங்கும் மண்பொறியியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டும் மேசன்மார் இரண்டு பேர் அன்று கடைசிவரை இருந்து கேட்டார்கள்.

இசைத்துறை விரிவுரையாளரும் எங்கள் ஊர்ப் பௌதிகவியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்திய மாலையைப் பற்றி எழுதாமல் விட்டால் குறையாகிவிடும். ஒரு பலகையில் கம்பி கட்டியிருந்தார்கள். முழு நீளத்தில் மீட்டினார்கள். பாதியில் அழுத்தி மீட்டினால் அதே சுரம் மேல் தாயியில் கேட்டது. மூன்றில் இரண்டு பங்கில் மீட்டினால் பஞ்சமம், பழந்தமிழ் இசையில் இளி. விபுலானந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ் நூலில், அழிந்துபோன யாழ்களை இந்த மாதிரிக் கணக்குகளைக் கொண்டும் பழைய பாட்டுகளைக் கொண்டும்தான் மீளக் கட்டினார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், விஞ்ஞானமும் படித்தவர், தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கியவர். ஆனந்த குமாரசுவாமியும் முதலில் புவிச்சரிதவியல் ஆய்வாளர். இலங்கையில் தோரியனைற்று என்ற கனிமத்தைக் கண்டெடுத்துவிட்டு, பிறகு கலை வரலாற்றுக்குப் போனவர். கலை வேறு விஞ்ஞானம் வேறு என்று பிள்ளைகளைப் பதினாறு வயதில் இரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மதிப்பும் மற்றதுக்கு இரக்கமும் காட்டுகிறோமே, அது சரியில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உளமருத்துவத்திலும் சமூகவியலிலும் இருந்து வந்த இருவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. போரும் இடப்பெயர்வும் தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்பதைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதிவந்திருக்கிறார். அந்த வழியில்தான் இவர்களும் வேலை செய்கிறார்கள். ஒருவரிடம் கதை கேட்கப் போகுமுன் அனுமதி கேட்பது, பெயரை மறைப்பது, சொல்ல விருப்பமில்லை என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்வது, கேட்டதைப் பிறகு அவர்களிடமே திருப்பிக் காட்டுவது என்று தங்கள் முறையை விளக்கினார்கள். காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் சிலரும் சபையில் இருந்தார்கள். "எங்களிட்டை வந்து கேட்டுப்போட்டுப் போனவையள் கனபேர், திரும்பி வந்தவை குறைவு" என்று ஒரு அம்மா சொன்னதை அந்த இருவரும் மறுக்காமல் குறித்துக்கொண்டார்கள். பேசிய அந்த அம்மாவுக்கும் எங்கள் நன்றி.

இத்தனை துறைக்கும் கீழே நூலகம் என்ற ஒன்று இருக்கிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. ஓலைச்சுவடிகளும் எரிந்தன. ஓர் ஊரின் நிலம், வழக்கு, சாதி, கோயில் என்று எதை ஆராயப் போனாலும் இல்லாமல் போன ஏதோ ஒரு பக்கத்தில் வந்து முட்டுகிறது என்று வரலாற்று மாணவர்கள் சொல்கிறார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமமாக்கி எவரும் படிக்கும்படி வைத்திருக்கும் நூலக நிறுவனத்துக்கும், அதில் பெயர் தெரியாமல் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யும் தம்பி தங்கைகளுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. எங்கள் வாசிகசாலையின் பழைய கூட்ட அறிக்கைக் கொப்பிகளை ஸ்கேன் செய்யும் முறையைக் கற்றுத்தந்த பிள்ளையின் கை வேலையையும் பார்த்தேன். கறையான் தின்ற ஓரத்தை ஒரு மெல்லிய தூரிகையால் தட்டி, தாளின் கீழே கறுப்பு மட்டை வைத்து, ஒவ்வொரு பக்கமாக எடுத்தாள். அதில் 'ஒலிபெருக்கி வாடகை' என்ற வரிகூட நாளைக்கு யாருக்காவது சான்றாகும் என்றாள்.

கதிரை தந்த சனசமூக நிலையத்தாருக்கும், ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மறுத்த அண்ணருக்கும், பிளேன்ரீயும் வடையும் தந்த மாதர் சங்கத்துக்கும், தூர இடத்து விருந்தினரை பஸ் ஸ்டாண்டில் இருந்து ஓட்டோவில் ஏற்றி வந்தவர்களுக்கும் நன்றி.

நேரம் இல்லாமல் விடுபட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிவைத்திருக்கிறோம். துறை பிரித்து உரியவர்களுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டோம். பதில்கள் வர வர அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். தாவரவியல், சட்டம், சித்த மருத்துவம், மீன்வளம் ஆகிய துறைகளில் இருந்து இன்னும் ஒருவரும் வரவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்துரிமை வழமைகளைச் சொல்லும் தேசவழமைச் சட்டத்தைப் பற்றிப் பேசச் சொல்லி ஊரில் பலர் கேட்கிறார்கள். தைப்பொங்கல் கழிந்து வரும் போயாவில் அடுத்த தொடரை ஆரம்பிக்க எண்ணியிருக்கிறோம். விருப்பமுள்ள ஆய்வாளர்கள், முக்கியமாக இப்போதுதான் ஆய்வைத் தொடங்கியிருக்கும் இளையவர்கள், பின்னேரங்களில் வாசிகசாலைக்கு வந்து பெயரைப் பதிந்துவிட்டுப் போகலாம்.

இங்ஙனம்,
செயற்குழு சார்பில்
வாசிகசாலைச் செயலாளர்
வலிகாமம், யாழ்ப்பாணம்