உன் அப்பாவின் உயரம்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

இந்தப் பருவத்தோடு அணியிலிருந்து விலகிக்கொள்வது என்று நீ முடிவெடுத்துவிட்டதாக அக்கா நேற்று இரவு தொலைபேசியில் சொன்னாள். காரணங்களை அவள் அடுக்கத் தொடங்கியபோது, எனக்குத் தெரியும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். நம் இருவருக்கும் இடையில் பேசித் தீராமல் கிடப்பது ஒன்றுதான்: அமெரிக்கக் கால்பந்தில், பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையான அஃபென்சிவ் லைனில் நிற்பவனுக்கு உடலின் அளவு முக்கியமா, இல்லையா என்ற அந்தப் பழைய வாக்குவாதம். அதை நீ தீபாவளியன்று, உறவினர் அத்தனை பேரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், “மாமா அன்று வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கும்” என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தாய். நான் பதில் சொல்லவில்லை. அங்கே சொல்லியிருந்தால் உன் அப்பாவின் மனம் நொந்திருக்கும். இதையும் அத்தான் படிப்பார், அக்கா படிப்பாள், முகம் தெரியாத பலர் படிப்பார்கள். ஆகவே சில இடங்களில் அளந்துதான் எழுதுகிறேன். அவை எந்த இடங்கள் என்பது உனக்குப் புரியும்.

நீ பதினோராம் வகுப்பை முடித்திருந்த கோடையில், கல்லூரி அணிக்கு ஆள் தேடும் முகாம் அது. பந்தைத் தொடுவதற்கு முன்பே பையன்களைக் காலணி இல்லாமல் வரிசையில் நிறுத்தி அளந்தார்கள். முதலில் உயரம், பிறகு எடை, பிறகு விரித்த கையில் கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் உள்ள தூரம், கடைசியாகத் தோள் எலும்பின் முனையிலிருந்து நடுவிரல் நுனி வரை கையின் நீளம். உதவிப் பயிற்சியாளர் ஒருவர் எண்களை உரக்கச் சொல்ல, இன்னொருவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். உனக்கு 6 அடி 1 அங்குலம், 252 பவுண்டு, கை 31 அங்குலத்துக்குச் சற்றே மேல். உனக்கு முன்னால் நின்ற பையனின் எண்களைக் கேட்டதும், எழுதியவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார். உன் எண்களுக்கு அவர் நிமிரவில்லை. வேலிக்கு வெளியே நின்ற எனக்கே அது தெரிந்தது என்றால் உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பிறகு ஒருவனுக்கு ஒருவனாக மோதவிட்டார்கள். பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி திறக்கும் ரன் பிளாக்கில், 300 பவுண்டுக்குக் குறையாத ஒரு டிஃபென்சிவ் டேக்கிளை, அதாவது எதிரணி முன்வரிசையின் நடுவில் நிற்பவனை, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு உள்ளங்கைகளையும் அவன் மார்புக் கவசத்தின் உட்பக்கம் பதித்து, குறுகிய அடிகளாக எடுத்துவைத்து நாலைந்து யார்டு பின்னால் கொண்டுபோனாய். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியது உனக்குக் கேட்டதோ இல்லையோ. அடுத்தது பாஸ் புரொடெக்ஷன், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காப்பது. அதே பையன் புல் ரஷ்ஷில், முட்டித் தள்ளிக்கொண்டே போகும் முறையில், நேராக உன் மேல் வந்தான். உன் முதுகு வளையவில்லை, கைகள் விலகவில்லை, ஓர் அடிகூடத் தப்பாக வைக்கவில்லை. கற்றது அனைத்தையும் சரியாகச் செய்துகொண்டே பின்னால் சறுக்கிப் போய், குவார்ட்டர்பேக்கின் இடத்தில் நிறுத்தியிருந்த குப்பைத்தொட்டியின் மேல் சாய்ந்தாய். எழுந்து வந்தபோது உன் முழங்கை முழுக்கச் செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்கள் ஒட்டியிருந்தன. அவற்றைத் தட்டிவிடக்கூட உனக்குத் தோன்றவில்லை.

நம் வாக்குவாதத்துக்கான விடை அந்த இரண்டு மோதல்களிலேயே இருந்தது என்று நான் இன்றும் நினைக்கிறேன். முன்னோக்கிப் போகும்போது லைன்மேனிடம், பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்னாப் எப்போது வரும் என்ற அறிவு இருக்கிறது. எதிராளி அசைவதற்கு ஒரு கணம் முன்பே அவன் கிளம்பிவிடலாம், தாழ்ந்து உள்ளே நுழையலாம், கோணத்தைத் தேர்ந்துகொள்ளலாம், பக்கத்து ஆளோடு சேர்ந்து இருவராகத் தள்ளலாம். தாழ்ந்தவன் வெல்வான் என்று பயிற்சியாளர்கள் சொல்வது அந்த இடத்துக்குப் பொருந்தும். பின்னோக்கிப் போகும்போது இவை எல்லாம் தலைகீழாகின்றன. ஓடிவருகிறவனிடம் வேகம் இருக்கிறது, பின்வாங்குகிறவனிடம் இல்லை. அந்த வேகத்தை வாங்கித் தரையில் இறக்க நுட்பம் வேண்டும்தான். ஆனால் நுட்பத்துக்குக் கீழே போதிய எடையும் இருந்தாக வேண்டும். கல்லூரி அணிகள், ஆட்களை அகலப் பரப்பி ஆடும் ஸ்பிரெட் முறைக்கு மாறிப் பந்தை அதிகம் எறியத் தொடங்கிய பிறகு, ஒரு லைன்மேன் பின்னோக்கிப் போகவேண்டிய தருணங்கள் பெருகிவிட்டன. நுட்பம் மட்டும் போதும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் உன் மேல் உள்ள பிரியத்தால் சொன்னார்கள். எனக்கும் அந்தப் பிரியம் உண்டு, இருந்தும் நான் அப்படிச் சொல்லவில்லை.

அதன் பிறகுதான் அந்த முகாமின் பயிற்சியாளர் ஒருவர் வேலியருகே வந்து, நீ காதில் விழும் தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, உன் தந்தையின் உயரம் என்ன என்று கேட்டார். 5 அடி 7 அங்குலம் என்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வேலியோரத்துக்குப் போனார். உன் தாத்தா ஆறடிக்கு மேல் இருந்தவர், அதைச் சொல்லியிருக்கலாமே என்று நீ காரில் கேட்டாய். அவர் கேட்டது தாத்தாவை அல்ல. அந்தக் கேள்வி வம்புக்குக் கேட்டதும் அல்ல. அவர்கள் எடுத்துக்கொள்வது பதினேழு வயதுப் பையனின் இன்றைய உடலை மட்டுமல்ல, மூன்று ஆண்டு கழித்து அந்த எலும்புக்கூடு எவ்வளவு சுமக்கும் என்ற கணக்கையும்தான். அயோவாவில் இருந்துகொண்டு இதை அறியாமல் இருக்க முடியாது. ராபர்ட் கேலரி இங்கே அயோவா பல்கலைக்கழகத்தில், பந்தைப் பிடிக்கவும் செய்கிற டைட் எண்டாக வந்து சேர்ந்து, நீண்ட உடலில் மெல்ல மெல்ல எடை ஏற்றி, லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிளாக மாறி, 2003-இல் லைன்மேன்களுக்கான அவுட்லண்ட் விருதை வாங்கி, தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2004-இல் இரண்டாவதாகத் தேர்வானார். நீளம் இருந்தால் எடையைப் பிறகு சேர்க்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. உன் காதில் விழும்படி அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதற்காக வருந்துகிறேன். சொன்ன பதிலுக்காக வருந்தவில்லை. உன் அப்பாவின் உயரத்தைக் கூட்டிச் சொல்ல நான் யார்? அதை மறைக்க வேண்டிய குறையாகப் பார்த்தது நீதான் என்பதை அவரும் படிக்கும் இடத்தில் எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நீ எப்போதும் ஜேசன் கெல்ஸியைத்தான் முன்னால் நிறுத்துவாய். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆனாகச் சேர்ந்து, பின்னர் லைனுக்கு மாறி, லைனின் நடுவில் நின்று பந்தை ஸ்னாப் செய்யும் சென்டராகப் பிலடெல்பியா அணிக்கு ஆடி ஓய்வுபெற்ற மனிதர். அவர் சிறிய ஆள்தான். ஆனால் எத்தனை சிறியவர்? டிராஃப்டுக்கு முன் ஆட்டக்காரர்களை அளந்து சோதிக்கும் காம்பைனில், 2011-இல், அவர் எடை 280 பவுண்டு. 40 யார்டை 4.89 நொடியில் ஓடினார். அந்த ஆண்டு அங்கே வந்த அஃபென்சிவ் லைன்மேன்களில் அவரைவிட வேகமாக ஓடியவர் இல்லை. அப்படிப்பட்டவரையும் 190 பேரை எடுத்த பிறகு, ஆறாவது சுற்றில்தான் எடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே 16 ஆட்டங்களிலும் தொடக்கத்திலிருந்து ஆடினார். அளவு பொருட்டல்ல என்பதற்கு நீ அவரைச் சான்றாகக் காட்டினாய். அளவில் குறைந்தவன் வேறொன்றில் எல்லோரையும் மிஞ்சியிருந்தாலும் கடைசியில்தான் கூப்பிடுவார்கள் என்பதற்கு நான் அதே மனிதரைக் காட்டினேன். இருவரும் சரி என்று இன்று தோன்றுகிறது.

உன் பக்கத்துக்கு இதைவிட வலுவான சான்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. டைலர் லிண்டர்பாம் பள்ளிக் காலத்தில் மல்யுத்தத்தில், பின்னாளில் தொழில்முறை அணியின் டேக்கிளான டிரிஸ்டன் வெர்ஃப்ஸைத் தோற்கடித்தவர். இருவரும் அடுத்தடுத்த ஊர்க்காரர்கள், இருவரும் அயோவா பல்கலைக்கழகத்துக்கே வந்தார்கள். டிஃபென்சிவ் லைனுக்கு என்று வந்த லிண்டர்பாம் சென்டராக மாறி 2021-இல் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருதை வென்றார். 2022 டிராஃப்டில் பால்டிமோர் அணி அவரை 25-ஆவதாக எடுத்தது. எடை 296 பவுண்டு. அதே டிராஃப்டில் அதே அணி, மின்னசோட்டாவின் டேனியல் ஃபலேலேயை 110-ஆவதாக எடுத்தது. 6 அடி 8 அங்குலம், 384 பவுண்டு. 88 பவுண்டு கூடுதலாக இருந்தவர் 85 இடம் பின்னால் போனார். ஒரு எல்லையைத் தாண்டிவிட்டால் கூடும் ஒவ்வொரு பவுண்டும் கால்களின் வேகத்திலிருந்துதான் கழிகிறது என்பதை அந்த இரண்டு பெயர்களை வைத்தே நீ நிறுவியிருக்கலாம். ஆனால் லிண்டர்பாமை யாரும் டேக்கிளில் நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நார்த்வெஸ்டர்னில் டேக்கிளாக ஆடி அனைத்து அமெரிக்க அணியிலும் இடம்பெற்ற பீட்டர் ஸ்கொரோன்ஸ்கியின் கை 32¼ அங்குலம்; 2023-இல் 11-ஆவதாக எடுத்த டென்னசி அணி அவரை டேக்கிளுக்கு உள்பக்கம் இருக்கும் கார்டுக்கு நகர்த்தியது. ஓரத்தில் வருகிறவனின் கை முதலில் மார்பைத் தொட்டுவிட்டால் மற்றவை பிறகுதான். எடையைச் சமையலறையில் ஏற்றலாம், கையை எங்கே போய் நீட்டுவது?

சிறிய உடல்களைக்கொண்டே பெரிய வேலை செய்த அணியும் உண்டு. கடற்படை அகாடமியில் எடைக்கு வரம்பு இருக்கிறது, ஏனென்றால் அங்கே படிப்பவன் பிறகு அதிகாரியாகக் கப்பல் ஏறவேண்டும். அவர்கள், பந்தை எறிவதைவிட ஓடுவதையே நம்பும் டிரிப்பிள் ஆப்ஷன் முறையில் ஆடி, எதிராளியைத் தள்ளாமல் அவன் கால்களை மடக்கிவிட்டே 2019-இல் 11 ஆட்டங்களை வென்றார்கள். குவார்ட்டர்பேக் மால்கம் பெர்ரி அந்த ஆண்டு 2,017 யார்டு ஓடினார். இடுப்புக்குக் கீழே மோதும்போது 320 பவுண்டும் 260 பவுண்டும் ஒன்றுதான். 2022-இல் அத்தகைய பிளாக்கை டேக்கிள்களுக்கு இடைப்பட்ட பகுதிக்குள் அடக்கிவிட்டார்கள். முழங்கால்களைக் காப்பாற்ற வந்த விதி என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உன்னைப் போன்றவர்களுக்கு இருந்த ஒரு வாசல் அதனால் ஒடுங்கியது உண்மை.

இனி நம் வீட்டுக் கோடைக்கு வருகிறேன். உன் பல்கலைக்கழகம் கொடுத்த தாளில் 290 என்று எழுதியிருந்தது. அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியவன் நீ, நான் அல்ல. காலையில் முட்டையும் ஓட்ஸும், பத்து மணிக்கு வேர்க்கடலை வெண்ணெய் தடவிய சப்பாத்தி, இரவு பதினொரு மணிக்குத் தயிர்ச்சோறு, அதற்கு மேல் பால். சில இரவுகளில் குளியலறையில் நீ வாந்தியெடுக்கும் சத்தத்தைக் கேட்டு நான் எழுந்து வந்து கதவுக்கு வெளியே நிற்பேன், தட்டமாட்டேன். தட்டியிருந்தால் போதும் என்று சொல்லியிருப்பேன்; நீ அதையும் நான் உன் வாய்ப்பைக் கெடுத்ததாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பாய். மாமா ஊட்டி ஊட்டிப் பருக்கவைத்தார் என்று இப்போது உறவினர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறாய். கேட்பவர்களும் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் ஆண்டில் 288-ஐத் தொட்டாய். வசந்தகால ஆட்டத்தை அக்காவோடு வந்து பார்த்தேன். பந்தை ஸ்னாப் செய்துகொண்டே பக்கவாட்டில் பாய்ந்து எதிராளியின் தூரத்துத் தோளைப் பிடிக்கும் ரீச் பிளாக் உன் கையெழுத்து மாதிரி இருந்தது, 252 பவுண்டில். அன்று ஒவ்வொரு முறையும் அருகிலிருந்த தோள் வரைதான் போய்ச் சேர்ந்தாய். புல் ரஷ்ஷில் முன்னைப்போல் சறுக்கவில்லை என்பதையும் பார்த்தேன். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்கியிருந்தாய். வாங்கியது மூன்றாம் நிலை ஆட்டக்காரனுக்குப் போதுமானது, கொடுத்தது உன்னை அவர்கள் கூப்பிட்டதற்கே காரணமாக இருந்தது. ஆகவே என் கருத்து இதுதான்: அளவு முக்கியம், ஆனால் எலும்பு தானாகச் சுமக்கும் அளவுதான் முக்கியம். ஒட்டவைத்த அளவு தராசில் மட்டும் நிற்கிறது.

அடுத்ததை அக்காவுக்காகச் சுருக்கமாக எழுதுகிறேன். ஹார்வர்டில் முதலாண்டு ஆட்டக்காரர்களை ஒரு பருவம் முழுக்கப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சில மாதங்களுக்குள்ளேயே லைன்மேன்களின் இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. பெரிய உடல் வெப்பத்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். 2018-இல் மேரிலாந்தில் 19 வயது அஃபென்சிவ் லைன்மேன் ஒருவர் பயிற்சியின்போது வெப்பத்தாக்குதலுக்கு ஆளாகி, இரண்டு வாரம் கழித்து இறந்தார். அந்தச் செய்தி வந்த ஆண்டு நீ இன்னும் ஹெல்மெட் அணியத் தொடங்கவில்லை. அதை நான் உன்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அக்காவிடமும் சொன்னதில்லை.

எடையை இறக்குவதில் அவசரப்படாதே. கிளீவ்லண்ட் அணியின் டேக்கிளாக இருந்த ஜோ தாமஸ் ஓய்வுபெற்ற பிறகு சில மாதங்களில் சுமார் 50 பவுண்டு குறைத்தார் என்பதை நீ படித்திருப்பாய். அவருக்கு அருகில் மருத்துவர்கள் இருந்தார்கள். பசியில்லாமல் சாப்பிடுவதை முதலில் நிறுத்து, ஆனால் பளு தூக்குவதை நிறுத்தாதே. இரத்த அழுத்தத்தை அளந்துகொள். உறக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று உன் அறைத்தோழனைக் கேட்டுப்பார். தடைபடுகிறது என்றால் அதற்கான பரிசோதனையைக் குளிர்கால விடுமுறைக்குள் செய்துவிடு. செலவை உன் அப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான் தருகிறேன். ஆனால் நீயே என்னைக் கூப்பிட்டுக் கேள். அக்காவை நடுவில் அனுப்பாதே.

அன்புடன்,
மாமா