இரண்டாம் பாகத்துக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுவர் நூல்களைப் பற்றி உங்கள் இதழில் வரும் குறிப்புகளை விடாமல் படித்து வருகிறேன். எனக்கு ஒரே ஒரு குறைதான். மாயாஜாலக் கதை வரிசை என்றால் முதல் புத்தகத்துக்கு அரைப் பக்கம் கிடைக்கிறது. இரண்டாவது வந்தால் 'இதன் தொடர்ச்சியும் வெளிவந்துள்ளது' என்று ஒரு வரியோடு சரி. எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது புத்தகம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்பதை ஒரு மாதமாகப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகளுக்குப் பத்து வயது. இரவில் நான் வாசிப்பேன், அவள் கேட்பாள். சி. எஸ். லூயிஸின் நார்னியா வரிசையில் 1950இல் வந்த முதல் புத்தகத்தை முடித்துவிட்டு, 1951இல் வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' தொடங்கினோம். இரண்டாம் பாகம் எப்போதும் கொஞ்சம் மட்டுதான் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன். அப்படிச் சொன்னது தவறு.

முதல் கதையில் பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி நால்வரும் நார்னியா என்ற மாய உலகை ராஜா ராணிகளாக ஆண்டுவிட்டு, மறுபடி பிள்ளைகளாகவே வீடு திரும்புகிறார்கள். ஓராண்டு கழித்து ரயில் நிலையத்தில் காத்திருக்கும்போது ஏதோ ஒன்று அவர்களைப் பிடித்து இழுக்கிறது. போய் நிற்கும் இடத்தில் காடு, அதற்குள் இடிந்து கிடக்கும் ஒரு கோட்டை, பக்கத்தில் ஆப்பிள் மரங்கள், ஒரு கிணறு. என்ன இடம் என்று கதை சொல்வதில்லை. அப்புறம் கிணற்றருகே சூசன் எதையோ கண்டெடுத்து வருகிறாள். சதுரங்கக் குதிரை. சுத்தத் தங்கம். ஒரு கண்ணில் சின்ன மாணிக்கக் கல், இன்னொரு கண்ணில் கல் விழுந்துவிட்டது.

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, இருங்க, படிக்காதீங்க. இது அவங்க அரண்மனைதானே!" பீட்டர் சொல்வதற்கு முன்பே இவள் சொல்லிவிட்டாள். இங்கே ஓராண்டு ஓடியதற்குள் அங்கே பல நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன என்பது பின்னால்தான் வருகிறது. முதல் புத்தகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த இடத்தை அதனால் தர முடியாது. ஒரு காலத்தில் தெரிந்த இடம் பாழாய்க் கிடப்பதைப் பார்த்து நெஞ்சு பதற வேண்டுமென்றால், அந்த இடம் முன்பே நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா?

பிறகு பழைய கருவூலத்தைத் திறக்கிறார்கள். முதல் கதையில் பரிசாகக் கிடைத்த பீட்டரின் வாளும் கேடயமும், சூசனின் வில்லும், லூசியின் மருந்துக் குப்பியும் அங்கேயே இருக்கின்றன. எட்மண்டுக்கு மட்டும் ஒன்றுமில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போய் முதல் புத்தகத்தை எடுத்து வந்து, பரிசு கொடுக்கும் இடத்தைத் தேடிப் பிடித்தாள். அன்றைக்கு எட்மண்ட் இவர்களோடு இல்லை, சூனியக்காரியிடம் போயிருந்தான். அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "பாவம், அது இன்னும் முடியல" என்றாள். முதல் தடவை அந்தப் பக்கத்தைக் கேட்டபோது எட்மண்டின் மேல் அவளுக்கு வெறும் கோபம்தான்.

தொடர்ச்சி என்றாலே பழைய ஆட்களும் பழைய சாகசமும் என்றில்லை. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் 1971இல் வந்த இரண்டாவது நாவல், 1968இல் வந்த முதல் நாவலின் நாயகனை வெகுநேரம் கண்ணிலேயே காட்டாது. கல்லறைகளின் நடுவே வளரும் ஒரு பெண்ணின் கதை அது. அதை வளர்ந்த பிறகுதான் படித்தேன். பத்து வயதில் கையில் கிடைத்திருக்கலாமே என்று இன்றும் ஏக்கம் உண்டு.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நார்னியா புத்தகங்களின் இப்போதைய பதிப்புகளில் கதை நடக்கும் கால வரிசைப்படி எண் போடுகிறார்கள். அதனால் இரண்டாவதாக வந்த 'பிரின்ஸ் காஸ்பியன்' நான்காம் எண்ணாகிவிட்டது. 1955இல் வந்த புத்தகம் முதல் எண்ணாகிவிட்டது. 1950இல் வந்த கதையில் லூசி பார்க்கும், பனிக்காட்டின் நடுவே ஒற்றையாக எரியும் தெருவிளக்கு எப்படி அங்கே வந்தது என்பதை அந்தப் புத்தகம்தான் சொல்கிறது. எண்ணைப் பார்த்து அதிலிருந்து ஆரம்பிக்கும் பிள்ளைக்கு, லூசியோடு சேர்ந்து அந்த விளக்கைப் பார்த்துத் திகைக்கும் வாய்ப்பு போய்விடுகிறது. ஒவ்வொரு நூலும் வெளிவந்த ஆண்டை உங்கள் குறிப்பில் போட்டாலே, வாங்கிக் கொடுக்கும் பெரியவர்களுக்குப் போதும்.

கதை முடியும்போது பீட்டரும் சூசனும் இனி நார்னியாவுக்கு வர முடியாது, வயதாகிவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். அன்று அவள் விளக்கை அணைக்கவே விடவில்லை. பீட்டருக்கு என்ன வயது என்று கேட்டாள். தனக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணினாள். மறுநாள் இரவு நான் வருவதற்குள் மூன்றாவது புத்தகத்தைத் தலையணைமேல் எடுத்து வைத்திருந்தாள்.

அன்புடன்,
ஒரு வாசகி