குரோ எல்லையில் போரிட்ட இந்திய வீரர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளி விடுமுறையில் தாய்லாந்தின் பெத்தோங் நகருக்குச் செல்லும் பினாங்குத் தமிழ்க் குடும்பங்கள், பெங்காலான் உலு சாவடியில் கடப்பிதழில் முத்திரை விழுந்ததும் விரைந்துவிடுகின்றன. முன்பு குரோ எனப்பட்ட இந்த எல்லை நகரிலிருந்துதான், 1941 டிசம்பர் 8ஆம் நாள், பஞ்சாப் படைப்பிரிவைச் சேர்ந்த இந்திய வீரர்கள், மலைச்சரிவை வெட்டிச் சாலை அமைத்திருந்த 'லெட்ஜ்' என்னும் இடத்தை ஜப்பானியருக்கு முன்பே பிடித்துவிட வேண்டுமென்று தாய்லாந்துக்குள் நுழைந்தார்கள். மேலிடத்து அனுமதி தாமதமானதாலும், தாய்லாந்துக் காவலர்கள் வழிமறித்துச் சுட்டதாலும் பொழுது கைநழுவியது, ஜப்பானியர் முந்திக்கொண்டனர். அந்தத் தோல்வியை வீரர்கள் தலையில் சுமத்துவது நியாயமன்று என்பது என் உறுதியான கருத்து. நம் தமிழ்ப்பள்ளிகளின் கல்விச் சுற்றுலாக்களில் பெங்காலான் உலுவையும், இந்திய வீரர்கள் துயிலும் தைப்பிங் போர்க் கல்லறையையும் சேர்க்குமாறு தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு