ஹேங்கருக்கு வர வேண்டிய பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விமானப் பராமரிப்பு நிறுவனங்களின் பண நெருக்கடி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிர்வாகம் சரியில்லை, தேவைக்கு மேல் ஆட்கள் என்று இரண்டே காரணத்தில் முடித்துவிட்டீர்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஹேங்கரில், அதாவது விமானத்தை நிறுத்திப் பழுது பார்க்கும் கொட்டகையில், ஸ்பானர் பிடித்தவன் நான், முக்கால்வாசிக் கதை அதில் இல்லை.

ஒரு விமானம் ‘சி செக்’ என்ற பெரிய பராமரிப்புச் சோதனைக்கு உள்ளே வந்தால், இருக்கை, தரைப் பலகை எல்லாம் கழற்றிய பிறகுதான் துரு, விரிசல் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். சான்றிதழோடு வரும் உதிரிபாகத்துக்குக் காசை முன்னால் வைத்தால்தான் அனுப்புவார்கள், மாதம் பிறந்தால் சம்பளம் கொடுத்தாக வேண்டும், விமான நிறுவனமோ பில்லை வாங்கி வைத்துக்கொண்டு 60 நாள், 90 நாள் என்று இழுக்கும், அப்புறம் கூடுதல் வேலையைச் செய்யச் சொன்னது யார் என்று ஒரு தகராறு வேறு. விமான நிறுவனத்துக்குப் பராமரிப்பு நிறுவனம் கொடுக்கும் வட்டியில்லாக் கடன்தான் இது.

பணம் வரும்வரை விமானத்தை விடாதே என்பார்கள். பல நாடுகளில் சட்டப்படி அந்த உரிமை உண்டு. ஆனால் விமானம் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டவருடையது, வழக்கு முடியும்வரை அது ஹேங்கரை அடைத்துக்கொண்டு நின்றால் அடுத்த வேலையை எங்கே வைத்துச் செய்வது?

பிரிட்டனின் மொனார்க் விமான நிறுவனம் 2017 அக்டோபரில் படுத்தது. அதன் பராமரிப்பு நிறுவனத்துக்கு லூட்டனிலும் பர்மிங்காமிலும் ஹேங்கர்கள், வெளி வாடிக்கையாளர்கள் எல்லாம் இருந்ததால் அது பிழைத்துக்கொள்ளும் என்றுதான் தோன்றியது. 15 மாதம் தாங்கியது. விமான நிறுவனம் தொடர்பான பழைய கடன்களும் கோரிக்கைகளும் தலையில் விழ, 2019 ஜனவரியில் அதுவும் போனது, 400 பேருக்கு மேல் வேலை இழந்தார்கள்.

நான் இருந்த இடத்தில் (பெயர் வேண்டாம்) பண நெருக்கடி முதலில் தெரிந்தது ஸ்டோர்ஸ் ஜன்னலில்தான். சீலன்ட் பசை இல்லை, ஓ-ரிங் வளையம் இல்லை, “நாளைக்கு வரும்”. சரி, பக்கத்து விமானத்தில் கழற்றி இதில் மாட்டு. முறைப்படி பதிந்து செய்தால் விதியில் தப்பில்லை, ஆனால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய வேண்டும். அடுத்து சம்பளம் பாதி பாதியாக வந்தது. லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் முதலில் கிளம்பினார்கள், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட ஆள் குறைந்ததால் வேலை தாமதமானது, தாமதமானதால் இருந்த ஒன்றிரண்டு வாடிக்கையாளர்களும் நகர்ந்தார்கள். மூன்று மாதம் சம்பளம் பார்க்காத இன்ஜினியர் பக்கத்தில் மேலாளர் வந்து நின்று, “இது இன்று பறந்தால்தான் பணம் வரும்” என்று சொல்லும்போது அந்தக் கையெழுத்து எவ்வளவு கனமானது என்று உங்கள் நிருபர் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

அடுத்த முறை எழுதும்போது நிறுவனத்தின் கடனை மட்டும் போடாமல், விமான நிறுவனங்கள் அதற்குத் தர வேண்டிய பாக்கியையும் பக்கத்திலேயே போடுங்கள்.

எங்கள் இடத்தைப் பூட்டியபோது என் சொந்தக் காசில் வாங்கிய டூல் பாக்ஸும் உள்ளே மாட்டிக்கொண்டது. அதை மீட்க ஐந்து மாதம் ஆனது. சம்பள பாக்கி இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமான டெக்னீஷியன்